பனிமலையில் ஒரு நிகாஹ்

ஃபிக்ஹு நூல்களின் முதற்பாடம் தண்ணீரைப் பற்றியது. தூய்மை செய்துகொள்வதற்குரிய நீர்வகைகளை எண்ணிச் சொல்லுமிடத்தில், மழைநீர், கடல்நீர், ஆற்றுநீர், கிணற்றுநீர், ஊற்றுநீர் என்பவற்றோடு பனி உருகிய நீரையும் ஆலங்கட்டி உருகிய நீரையும் சேர்த்து ஏழு என்று ஷாஃபிஈ மத்ஹபின் தொடக்க நூல் கூறும். ‘ஸல்ஜ்’ என்ற அரபுச் சொல்லுக்குப் பனி என்று முப்பது ஆண்டுகளாக நாம் பொருள் சொல்லி வருகிறோம். சொல்லும் நாமும் அதைக் கண்டதில்லை. கேட்கும் பிள்ளைகளும் கண்டதில்லை. புளியங்காடு என்று பொருள்படும் வடசொல்லே திண்டிவனம் என மருவிற்று என்பர். அத்தகைய ஊரில், கோடை வெயிலில் கூரை கொதிக்கும் மக்தபில் அமர்ந்துகொண்டு பனிக்கு எதைத்தான் உவமை காட்டுவது? கிழக்கே மரக்காணத்து உப்பளங்களில் குவிந்து கிடக்கும் உப்பைச் சொல்லி, “பார்வைக்கு அப்படி இருக்கும், கையில் எடுத்தால் நீராகிவிடும்” என்று விளக்குவதே நம் வழக்கம்.

அந்தப் பனி இப்போது பாடநூலை விட்டு இறங்கி, நம் வீடுகளின் திருமணப் பேச்சுக்குள் வந்துவிட்டது. மலைமேல் திருமணம், கடலோரத்தில் திருமணம், பழைய அரண்மனையில் திருமணம் என்று ஊரைவிட்டு வெளியே சென்று மணமுடிக்கும் வழக்கம், செல்வர் இல்லங்களில் தொடங்கி நடுத்தரக் குடும்பங்களின் வாசலையும் எட்டியிருக்கிறது. 2023 டிசம்பரில் டேராடூனில் நடந்த முதலீட்டாளர் மாநாட்டில் பேசிய இந்தியப் பிரதமர், வசதி படைத்தோர் தம் வீட்டுத் திருமணங்களை வெளிநாடுகளில் நடத்தாமல் உத்தரகண்ட் மலைகளில் நடத்த முன்வர வேண்டுமென்று கேட்டுக்கொண்டார். ஆகவே இதனை யாரோ சிலரின் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட்டுப் போக நமக்கு இயலாது. நம் மஹல்லாவிலேயே இந்தக் கேள்வி எழுந்தது. அப்போது நாம் எண்ணியவற்றையும் கேட்டவற்றையும் வாசகப் பெருமக்கள்முன் வைப்பது பயன்தரும் என்று கருதுகிறோம்.

நம்மோடு ஒரே தெருவில் வளர்ந்தவர் ஒருவர், மணிலா மண்டியில் கணக்கெழுதுபவர், ஓர் இரவு இஷாத் தொழுகைக்குப் பின் நம்மை நாடி வந்தார். அவருடைய இளைய மகள் நம் மக்தபில் ஓதியவள். இன்று சென்னையில் கணிப்பொறி வேலை பார்க்கிறாள். விழுப்புரத்து மாப்பிள்ளை, இரு வீட்டாரும் பேசி முடித்த சம்பந்தம். “எல்லாம் நல்லபடியாக முடிந்தது ஹஜ்ரத், பிள்ளைகள் இருவரும் நிகாஹைக் காஷ்மீரில் வைக்க வேண்டும் என்கிறார்கள். நீங்கள் சொன்னால்தான் கேட்பாள்” என்று ஒரு தாளை நீட்டினார். மகள் தன் கையால் எழுதிய திட்டம் அது.

பெண் வீட்டார் பன்னிருவர், மாப்பிள்ளை வீட்டார் பன்னிருவர். ஆக 24 பேர். மாதம் பிப்ரவரி. சென்னையிலிருந்து டெல்லி வழியாக ஸ்ரீநகருக்கு விமானம். அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குல்மார்க்கிற்கு வேன். நிகாஹ் அவ்வூர்ப் பள்ளிவாசலில். குத்பா ஓத நாமும் அந்த இருபத்து நால்வருள் ஒருவர். விருந்து காஷ்மீரத்து வாஸ்வான். இரண்டு இரவு தங்கல். மூன்றாம் நாள் திரும்பல். செலவை இரு வீட்டாரும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்வது.

குல்மார்க் என்றால் பூக்களின் புல்வெளி என்று பொருள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் கிண்ணம் போல் குழிந்து கிடக்கும் அந்தப் புல்வெளி, குளிர்காலத்தில் பனிச்சறுக்கு விளையாட்டுக்குப் பெயர்போனது. 1927ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேய அதிகாரிகள் அங்கே பனிச்சறுக்குச் சங்கம் நிறுவினர். இன்று அஃபர்வத் மலையின் தோள்வரை, ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்திற்குக் கம்பிவழித் தொட்டில் வண்டி ஓடுகிறது. மலையென்றால் செஞ்சிக் கோட்டைக் குன்றுகளை நினைக்கும் நமக்கு, அந்த எண்ணைக் கேட்டாலே தலை சுற்றும்.

தந்தையார் நம்மிடம் எதிர்பார்த்தது ஒரு ஃபத்வாவை. ‘ஊரைவிட்டு வெளியே சென்று நிகாஹ் செய்வது கூடாது’ என்று நாம் ஒரு வரி சொல்லிவிட்டால் அவர் நிம்மதியாகப் போயிருப்பார். ஆனால் மார்க்கத்தில் இல்லாத தடையை உண்டாக்க நமக்கு உரிமை ஏது? ஈஜாப், கபூல், சாட்சிகள் இருவர், பெண்ணின் சம்மதம், மஹர், வலீயின் பொறுப்பு ஆகியவை நிறைவேறினால் நிகாஹ் நிறைவேறும். இடம் ஒரு நிபந்தனை அன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்விலேயே பயணத்தில் நிகழ்ந்த மணங்கள் உள்ளன. ஹிஜ்ரி 7இல் கைபரிலிருந்து மதீனா திரும்பும் வழியில் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களை மணந்த வலீமா நடந்தது. தோல் விரிப்பு விரிக்கப்பட்டு, பேரீச்சம்பழமும் பாலாடைக் கட்டியும் நெய்யும் அதில் பரிமாறப்பட்ட செய்தியை அனஸ் (ரலி) அறிவிக்க புகாரி இமாம் பதிந்திருக்கிறார். அதே ஆண்டில் உம்ரா முடித்துத் திரும்புகையில் மக்காவுக்கு வெளியே ஸரிஃப் என்னுமிடத்தில் அன்னை மைமூனா (ரலி) அவர்களோடு இல்லறம் தொடங்கிற்று. ஆகவே “தடையில்லை” என்றே சொன்னோம். அவர் முகம் வாடிற்று.

தடையில்லை என்பதும் தகுதியுடையது என்பதும் ஒன்றல்ல. எனவே திட்டத்தைத் திட்டமாகவே எடுத்துக்கொண்டு ஆராயலானோம்.

முதலாவது, பனி நம் அழைப்பிதழைப் படித்துவிட்டு வருவதில்லை. டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் காஷ்மீரில் கடுங்குளிர். அதனைச் ‘சில்லாய் கலான்’ என்பர். அந்த நாற்பது நாளிலேகூடப் பனி பொய்த்ததுண்டு. 2024 ஜனவரியில் குல்மார்க்கின் சரிவுகள் பழுப்பு நிறப் புல்லாய் வறண்டு கிடந்தன. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்கவேண்டிய ‘கேலோ இந்தியா’ குளிர்கால விளையாட்டுகள் போதிய பனியின்மையால் ஒத்திவைக்கப்பட்டு மார்ச் மாதத்தில் நடந்தன. அரசாங்கமே நாள் குறித்து ஏமாந்த இடத்தில், பல மாதத்துக்கு முன்பே முன்பணம் கட்டுகிற நம்மவர் எதை நம்புவது? இதற்கு மாறாகப் பனி மிகுந்துவிட்டாலோ ஸ்ரீநகர் விமானங்கள் நின்றுவிடும். தங்மார்க்கிலிருந்து மேலே ஏறும் 13 கிலோமீட்டர் மலைப்பாதையில் சக்கரத்துக்குச் சங்கிலி பூட்டாமல் வண்டி நகராது. 2025 ஜூன் முதல் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு ரயில் ஓடுவது ஓர் ஆறுதல். எனினும் திண்டிவனத்திலிருந்து ரயிலேறி அங்கே போய்ச் சேர நாட்கணக்கில் ஆகும்.

இரண்டாவது, முதியோர். பெண்ணை வளர்த்தவர் அவளுடைய நன்னிமா. தாயார் நோயுற்றிருந்த காலத்தில் பேத்தியைத் தம் மடியில் வைத்துப் பாலூட்டிச் சோறூட்டி ஆளாக்கியவர். இன்று எண்பதைத் தாண்டியவர். இளைப்பு நோய் உடையவர். அவ்வளவு உயரத்தில் காற்று மெலிந்திருக்கும், உறைகுளிர் வேறு. அந்த மூதாட்டியை அங்கே அழைத்துச் செல்ல எந்த மருத்துவரும் எளிதில் இசையமாட்டார். பன்னிருவர் பட்டியலில் அவர் பெயர் இல்லாததற்குக் காரணம் அன்புக்குறைவு அன்று, அவரே, “நீங்கள் போய்வாருங்கள், நான் இங்கிருந்து துஆச் செய்கிறேன்” என்று சொல்லிவிட்டாராம்.

மூன்றாவது, பதிவு. நம் நாட்டில் நிகாஹ் என்பது மஹல்லாவின் தஃப்தரில் ஏறவேண்டிய ஒன்று. இரு ஜமாஅத்தின் ஒப்புதலும் கேட்டு, சாட்சிகளின் கையொப்பம் பெற்று, நாளைக்கு ஒரு வழக்கென்றால் எடுத்துக்காட்டும் ஆவணம் அது. மலைமேல் நடக்கும் மணத்தை எந்த ஊர் ஏட்டில் எழுதுவது, மாப்பிள்ளையின் முன்வாழ்வு பற்றி அங்குள்ள இமாம் யாரிடம் விசாரிப்பார் என்பவை சிறிய கேள்விகள் அல்ல. ஏமாற்றுத் திருமணங்களிலிருந்து பெண்பிள்ளைகளை இதுகாறும் காத்துவருவது இந்தத் தெரிந்தவர் விசாரணைதான்.

தொழுகை, உளூ பற்றி ஐயம் இல்லை. பயணத்தில் சுருக்கித் தொழலாம். தோலுறைகளின் மீது மஸ்ஹு செய்யப் பயணிக்கு மூன்று நாள் சலுகையுண்டு. குளிர்நாட்டவருக்கும் இம்மார்க்கம் வழிகாட்டியே இருக்கிறது.

இவையெல்லாம் இடையூறுகள், பணமும் பொறுமையும் உள்ளவர் கடந்துவிடுவர். நம் மனத்தைப் பெரிதும் உறுத்தியது வேறொரு பனிமலையில் நடந்த நிகழ்ச்சி.

உத்தரகண்ட் மாநிலம் சமோலி மாவட்டத்தில் ஜோஷிமட் நகருக்கு மேலே அவ்லி என்னும் பனிச்சறுக்கு மலைவெளி உண்டு. 2011இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் நடந்த இடம். 2019 ஜூன் மாதத்தில், தென்னாப்பிரிக்காவில் பெருந்தொழில் நடத்திப் பெயரும் பழியும் ஒருங்கே பெற்ற குப்தா குடும்பத்தார் தம் மைந்தர் இருவரின் திருமணங்களை அடுத்தடுத்த நாட்களில் அங்கே நடத்தினர். செலவு 200 கோடி ரூபாய் என்று பத்திரிகைகள் எழுதின. வெளிநாட்டிலிருந்து மலர்கள் வந்தன என்றும், பனியில்லாத அந்த வேனிற்காலப் புல்வெளியில் கண்ணைப் பறிக்கும் கூடாரங்கள் எழுந்தன என்றும் செய்திகள் வந்தன. மலைப் புல்வெளிகளைக் காக்கவேண்டுமென்று அம்மாநில உயர்நீதிமன்றம் 2018ஆம் ஆண்டிலேயே கட்டளையிட்டிருந்தது. எனவே ஒருவர் பொதுநல வழக்குத் தொடர்ந்தார். நைனிடாலிலுள்ள நீதிமன்றம், சூழலுக்கு நேரும் கேட்டுக்கு ஈடாக 3 கோடி ரூபாயை முன்கூட்டிக் கட்டுமாறு ஆணையிட்டது. ஹெலிகாப்டர்கள் அங்கே இறங்கவும் தடை விதித்தது.

திருமணம் முடிந்தது; விருந்தினர் போயினர்; குப்பை நின்றது. ஜோஷிமட் நகராட்சியின் பணியாளர்கள் நாள்கணக்கில் வாரிக்கொண்டே இருந்தனர். 300 குவிண்டாலுக்கு மேல் குப்பை அகற்றப்பட்டதாகச் செய்தி வந்தது. பந்தல் போடவும் பாத்திரம் சுமக்கவும் கூட்டி வரப்பட்ட கூலியாட்களுக்குக் கழிப்பிட வசதி போதாமையால் அவர்கள் திறந்தவெளியை நாடினர் என்றும், மழை பெய்தால் அந்த அழுக்கு ஆற்றில் கலக்குமென்றும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தார் நீதிமன்றத்தில் அறிக்கை அளித்தனர். விருந்துக்கு உழைத்த ஏழைக்கு ஒதுங்க ஓர் இடம் இல்லாத விருந்து! அழைக்கப்படவேண்டிய ஏழைகள் விடப்பட்டுச் செல்வர் மட்டும் அழைக்கப்படுகிற வலீமாவின் உணவு உணவுகளிலெல்லாம் தீயது என்று நம் ஹதீஸ் நூல்கள் எச்சரிப்பது ஏனென்று இதைப் படித்தபோது நன்றாக விளங்கிற்று.

2023 ஜனவரியில் அதே ஜோஷிமட்டில் நிலம் அமிழ்ந்து நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல் கண்டது, குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன, அவ்லிக்குச் செல்லும் கம்பிவழி வண்டியும் நிறுத்தப்பட்டது. அதற்கும் அந்தத் திருமணத்துக்கும் முடிச்சுப் போடுவது நேர்மையாகாது. அந்நகரம் பழைய நிலச்சரிவின் குவியல்மேல் அமைந்தது; பெரிய கட்டுமானங்கள் ஆகா என்று 1976ஆம் ஆண்டிலேயே மிஸ்ரா குழுவினர் அரசுக்கு எடுத்துரைத்தனர். மலை எவ்வளவு மெல்லிய பொருள் என்பதற்கு மட்டுமே இதனை ஈண்டுச் சொல்கிறோம். கீழிருந்து பார்க்க அசையாத பாறை; அதன்மேல் வாழ்பவருக்கோ நாள்தோறும் அச்சம்.

இவ்வளவும் எண்ணிக்கொண்டுதான் அந்தப் பெண்ணை அழைத்துவரச் சொன்னோம். தந்தையோடு வந்து அமர்ந்தாள். அவ்லியின் கதையைச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நாங்கள் இருபத்துநான்கு பேர்தானே ஹஜ்ரத்? கூடாரமும் இல்லை, ஹெலிகாப்டரும் இல்லை” என்றாள். உண்மைதான். 24 பேர் கொண்ட ஒரு குடும்பப் பயணத்தை 200 கோடித் திருவிழாவோடு நிறுத்தல் நியாயமாகாது.

“சரியம்மா, அந்த மலைமேல் உனக்கு அப்படியென்ன ஆசை?” என்று கேட்டோம்.

“ஸல்ஜ் என்று நீங்கள் சொல்லிக்கொடுத்ததிலிருந்தே பார்க்கவேண்டும் என்று ஆசைதான்” என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு மாறிற்று. “ஆனால் அது இல்லை ஹஜ்ரத். அக்காவின் கல்யாணத்தில் நீங்களும்தானே இருந்தீர்கள்?”

இருந்தோம். நான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்த திருமணம். பெரிய மண்டபம், 1,200 பேருக்குச் சாப்பாடு, ஆட்டுக்கறிப் பிரியாணி, கோழி வறுவல், தால்ச்சா, கத்தரிக்காய்ப் பச்சடி, பிரெட் அல்வா, அதன்மேல் ஐஸ்கிரீம். கைக்கூலி என்ற பெயரில் ஒரு காசு கேட்கவில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் பெருமையாகச் சொல்லிக்கொண்டனர். ஆனால், ‘எங்கள் பக்கத்திலிருந்து 500 பேர் வருவார்கள், சாப்பாடு குறைவில்லாமல் இருக்கட்டும்’ என்று மட்டும் சொல்லியனுப்பினர். அந்த ஒரு வரியின் விலையைத்தான் அந்தப் பெண் கணக்கிட்டு வைத்திருந்தாள்.

“அன்றைக்கு அடகு வைத்த அம்மாவின் எட்டுப் பவுன் இன்னும் திரும்பவில்லை ஹஜ்ரத். மாதாமாதம் அத்தா வட்டி கட்டுகிறார்கள். வட்டி ஹராம் என்று உங்களிடம்தான் ஓதினேன். வந்த 1,200 பேரில் பாதிப்பேரின் முகம்கூட அத்தாவுக்குத் தெரியாது. சாப்பிட்டவர்கள் சாப்பிட்டுப் போய்விட்டார்கள். கடன் மட்டும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. என் கல்யாணத்துக்கும் அதே பட்டியலை எழுத ஆரம்பித்தார்கள். வேண்டாம் என்றால், ‘ஊர் என்ன சொல்லும்’ என்கிறார்கள். குல்மார்க்குக்குப் போனால் ஏன் கூப்பிடவில்லை என்று யாரும் கேட்கமாட்டார்கள். அங்கே இருபத்துநான்கு பேர் என்றால் ஒத்துக்கொள்வார்கள். இங்கேயே இருந்துகொண்டு இருபத்துநான்கு பேரை மட்டும் அழைத்தால் இந்த ஊர் சும்மா விடுமா ஹஜ்ரத்?”

தந்தையார் தலை கவிழ்ந்திருந்தார். அவளுடைய கணக்கைப் பார்த்தோம். விமானக் கட்டணம், அறை வாடகை, வேன், விருந்து எல்லாம் சேர்த்துச் சுமார் பத்து லட்சம். பாதிப்பாதியாகப் பிரித்தால் தந்தையின் பங்கு ஐந்து. ஊரில் மண்டபத் திருமணம் என்றால், நகையை விட்டுவிட்டுப் பார்த்தாலும், பதின்மூன்று லட்சம். அத்தனையும் பெண்ணைப் பெற்றவர் தலையில். இமயமலைக்குப் போய் மணமுடிப்பது திண்டிவனத்தில் மணமுடிப்பதைவிட மலிவு என்று ஒரு பெண் கணக்கெழுதிக் காட்டினால், அது இமயமலையின் பெருமை அன்று. நம் ஊர்த் திருமணத்தின் நிலைமை. மலை அவளுக்கு ஒரு வேலியாக இருந்தது. அழைப்புப் பட்டியல் ஏறிவர முடியாத உயரம் 2,650 மீட்டர் என்று அவள் கண்டுபிடித்திருந்தாள்.

மார்க்க அறிவுடையோர் இதனை ஊன்றி நோக்கவேண்டும். வலீமா என்பது மணமகனுக்குரிய சுன்னத்து. அச்சொல்லின் வேரிலேயே ஒன்றுசேர்தல் என்ற பொருள் இருப்பதாக அரபு அகராதிக்காரர்கள் சொல்வர்; இருவர் சேர்ந்ததன் மகிழ்ச்சியை மணமகன் பிறரோடு பகிரும் உணவு அது. பெண்ணின் தந்தை ஊருக்குச் சோறு போடவேண்டுமென்று எந்த மத்ஹபும் விதிக்கவில்லை. நாம் வலீமாவை இடம் மாற்றிப் பெண் வீட்டார் தலையில் வைத்தோம். கைக்கூலியை ஒழித்தோம் என்று மேடையில் பேசுகிறோம். அதுவோ பிரியாணிச் சட்டிக்குள் ஒளிந்துகொண்டு திரும்ப வருகிறது. செலவைச் சரிபாதியாக்கிய அந்தப் பெண்ணின் தாள், நம் வழக்கத்தைவிட மார்க்கத்துக்கு நெருங்கி இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

இந்நோய் நமக்கு மட்டும் உரியதும் அன்று. அவள் தேடிப்போன காஷ்மீரத்து மக்களே இதனால் வாடுபவர்கள். வாஸ்வான் என்பது பல வகை இறைச்சி உணவுகளை வரிசையாகப் பரிமாறும் பெருவிருந்து. ‘திராமி’ என்னும் பெருந்தட்டைச் சுற்றி நால்வர் அமர்ந்து ஒன்றாக உண்பர். நம் கடற்கரை ஊர்களில் சஹனைச் சுற்றி அமர்ந்து உண்பது போன்றதே. பகிர்ந்துண்ணும் அந்த அழகிய வழக்கமும் வகைகள் பெருகப் பெருகப் பெண்ணைப் பெற்றவருக்குச் சுமையாயிற்று. 2017 பிப்ரவரியில் அன்றைய ஜம்மு காஷ்மீர் மாநில அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. மகள் திருமணத்துக்கு 500 பேர், மகன் திருமணத்துக்கு 400 பேர், முதன்மை உணவு வகைகள் ஏழுக்கு மேல் கூடாது என்பது அதன் சாரம். அழைப்பாளரின் எண்ணிக்கையை அரசாங்கம் எழுதிக்கொடுக்க வேண்டிய நிலைக்கு ஒரு சமுதாயம் வந்ததென்றால், அங்கே தந்தையர் எவ்வளவு வெந்திருப்பர்!

ஆயின், அவள் கண்ட மருந்து முழு மருந்தா? அதையும் அவளிடம் கேட்டோம்.

ஊர்த் திருமணத்தில் வீண் உண்டு. வீண் மட்டுமே உண்டு என்று சொல்லிவிட முடியாது. முதல்நாள் இரவு முற்றத்தில் அமர்ந்து வெங்காயம் உரிக்கும் பெண்கள், பக்கத்து வீட்டுத் திண்ணையை விருந்தினருக்கு ஒழித்துக் கொடுக்கும் அண்டை வீட்டு முதலியார், அழைப்பில்லாமலே தூக்குப் பாத்திரத்தோடு மண்டபத்தின் பின்வாசலில் வந்து நிற்கும் ஏழைகள், இரண்டு வேளைக்கான சோற்றை அன்று வீட்டுக்கு எடுத்துப்போகும் மோதினார் ஆகியோருக்கெல்லாம் ஒரு திருமணத்தில் பங்குண்டு. மலைக்குப் போகும் மணத்தில் இவர்களுள் யாருக்கு இடம்? அங்கே விருந்தளிப்பவரே ஒரு விருந்தாளி. அடுப்பும் அவருடையதன்று, கூரையும் அவருடையதன்று, பக்கத்து வீடும் இல்லை. நிகாஹைப் பகிரங்கப்படுத்துக என்று மார்க்கம் சொல்வதன் கருத்து, நாளை இக்குடும்பத்துக்கு ஓர் இடர் என்றால் ஓடிவருகிறவர்கள் இன்று சாட்சியாக இருக்கவேண்டும் என்பதுதானே? குல்மார்க்கில் நம் பெண்ணின் மணத்தைக் கண்டவர்கள் நாளைக்குத் திண்டிவனத்தில் அவள் வீட்டுக் கதவைத் தட்டப் போவதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, நன்னிமா. “துஆவுக்குத் தொலைவு கிடையாதம்மா, அது உண்மை. ஆனால் உன் தலையில் வைக்கவேண்டிய கைக்குத் தொலைவு உண்டு” என்றோம். அவள் ஒன்றும் பேசவில்லை. கண்கள் நிறைந்திருந்தன. அந்தக் கேள்விக்கு அவளுடைய தாளில் விடை இல்லை. அதை அவளும் அறிந்தே இருந்தாள்.

இதன்பின் பேசவேண்டியது அவளிடம் அன்று, பெரியவர்களிடம் என்று நமக்குப் பட்டது. மூன்று மாலைகள் இரு வீட்டாரோடும் அமர்ந்தோம். அப்போது நாம் முன்வைத்தது அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களின் செய்தி. மதீனாவில் அண்ணலாரின் நெருங்கிய தோழர். சுவர்க்கத்தின் நற்செய்தி பெற்ற பதின்மருள் ஒருவர். அவர் மணமுடித்ததை, அவர் ஆடையில் இருந்த மஞ்சள் நறுமணச் சாயலைக் கண்டபிறகே பெருமானார் கேட்டறிந்தார்கள். எவ்வளவு சிறிய ஊர் அன்றைய மதீனா! ‘என்னை ஏன் அழைக்கவில்லை’ என்று கேட்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. பரக்கத்துக்காகத் துஆச் செய்தார்கள். ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமாக் கொடுக்குமாறு சொன்னார்கள். அல்லாஹ்வின் தூதரே அழைப்பின்மையைக் குறையாகக் கொள்ளாதபோது, நாம் யார் கோபித்துக்கொள்ள?

பெண் ஒரு நிபந்தனை வைத்தாள். “ஊரிலேயே வைக்கிறோம், ஆனால் அந்தப் பட்டியல் வேண்டாம். மண்டபம் வேண்டாம். அத்தா கடன் வாங்கக்கூடாது.” மாப்பிள்ளையும் அவள் பக்கமே நின்றார், வலீமாவைத் தம் பொறுப்பென்று ஏற்றுக்கொண்டார். விழுப்புரத்துப் பெரியவர்களுக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. அவர்களுடைய மகனே எழுந்து பேசியபின் ஒப்பிற்று.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் நம் மஹல்லாப் பள்ளியில் நிகாஹ் நடந்தது. தொழவந்தவரெல்லாம் சாட்சி. பேரீச்சம்பழமும் சர்பத்தும் தவிரப் பெண் வீட்டாருக்கு வேறு செலவில்லை. மறுநாள் விழுப்புரத்தில் மாப்பிள்ளை வீட்டு வலீமா: 250 பேர், ஒரே பிரியாணி, ஒரு பச்சடி. அழைப்பில்லாமல் வருவோருக்கென்றே ஒரு சட்டி தனியாக வைக்கப்பட்டிருந்தது. பள்ளிக்கு அடுத்த வீட்டில் பெண்களோடு அமர்ந்து நிகாஹ் குத்பாவைக் கேட்ட நன்னிமா, பேத்தியின் தலையில் இரு கையும் வைத்து நெடுநேரம் துஆச் செய்தார்கள். புதுமணத் தம்பதியர் பிப்ரவரியில் தாம் இருவர் மட்டும் குல்மார்க் போய்வந்தனர். அதற்கு ஒருவரின் ஃபத்வாவும் தேவைப்படவில்லை.

எல்லாம் இனிதே முடிந்தது என்று எழுதினால் முழு உண்மையாகாது. பெண்ணின் தந்தைக்குப் பங்காளி முறையுள்ள ஒரு குடும்பத்தார், ‘எங்களுக்கு வேளைச் சோறு போட மனமில்லாதவர்’ என்று சொல்லி இன்றுவரை அவர் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. பெருநாளன்று பள்ளியில் கண்டும் ஸலாம் சொல்லாமல் போனார்கள். அதில் அவருக்கு வருத்தம் உண்டு. எனினும் எட்டுப் பவுனில் மூன்று பவுன் மீண்டு வந்துவிட்டது என்று அண்மையில் நம்மிடம் சொன்னார்.

நம் ஜமாஅத்தார்களுக்கு ஒரு வேண்டுகோள். மலைக்கும் கடற்கரைக்கும் போய் மணமுடிக்கும் பிள்ளைகளை மேடையில் கண்டிப்பது எளிது. அவர்களுள் ஆடம்பரத்துக்காகப் போகிறவர்கள் இருக்கலாம். நம் பட்டியலுக்கு அஞ்சி ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். பின்னவர்களை ஊரில் நிறுத்தவேண்டுமானால் ஊர்த் திருமணத்தின் சுமையைக் குறைக்க வேண்டும். நிகாஹைப் பள்ளியில் நடத்துவோருக்கு ஜமாஅத் முன்னின்று துணைசெய்யட்டும். பெண் வீட்டு விருந்து கடமையல்ல என்று ஜும்ஆ மேடையில் ஆண்டுக்கொரு முறையேனும் எடுத்துரைக்கப்படட்டும். வலீமாவில் ஒரே உணவு என்பதை முதலில் முத்தவல்லியும் செல்வரும் தம் வீட்டில் செய்துகாட்டட்டும். எளியவரின் எளிமையை ஊர் கஞ்சத்தனம் என்று ஏசும், செல்வர் செய்தால்தான் அது வழக்கமாகும். அழைப்பு வராத வீட்டார், அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களின் மணச்செய்தி கேட்டு அண்ணலார் செய்த துஆவையே தாமும் செய்யட்டும்.

பெற்ற மகளை மணமுடித்துக் கொடுத்த இரவில் கடன் கணக்கின்றி உறங்கும் நிம்மதியை வல்ல அல்லாஹ் நம் தந்தையர் அனைவருக்கும் அருள்வானாக!